கியர் சைக்கிள் வாங்கித் தந்தேன், பையன் ஷட்டிலை விட்டுவிட்டான்

உறையூர் அப்பா (கேள்வி):

பையனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. எடை கூடிக்கொண்டே போகிறது, கொஞ்சம் ஓடியாட விடுங்கள் என்று போன வருஷம் டாக்டர் சொன்னார். ஷட்டில் கோச்சிங்கில் சேர்த்தேன். காலை 5.30க்கு நானே வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும். எழுப்புவதற்குள் தெருவே விழித்துக்கொள்ளும்.

சரி, ஆசை காட்டிப் பார்ப்போம் என்று, '90 நாள் விடாமல் போ, கியர் சைக்கிள் வாங்கித் தருகிறேன்' என்றேன். போனான். தினசரி காலண்டரில் நாளுக்கு ஒரு கோடு போட்டான். 90வது கோடு விழுந்த அன்று சாயங்காலமே கடைக்குப் போனோம். மறுநாள் எழுப்பினால், "அதான் முடிஞ்சுபோச்சேப்பா" என்று போர்வையை இழுத்துக்கொண்டான். மட்டை பரணில் கிடக்கிறது.

இப்போது பள்ளி, டியூஷன், போன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு அந்தச் சைக்கிளில் முக்கொம்பு அணை வரை ஊர்சுற்றல். உடம்பை அசைக்கவே மாட்டேன் என்கிறான். நான் பள்ளியில் கபடி ஆடியவன். எங்களை யாரும் எழுப்பி அனுப்பியதில்லை. திட்டாமல், கெஞ்சாமல் இவனை விளையாட வைக்க வழி இருக்கிறதா?

பின்வரிசை மாணவன்:

அங்கிள், வண்டியில் திரும்பும்போது என்ன பேசுவீர்கள்? எங்கள் அப்பா கிரிக்கெட் மேட்ச் முடிந்து வீடு வரும்வரை நான் விட்ட கேட்ச்சையே பேசுவார். பாலக்கரை சிக்னலில் வண்டி நின்றால்கூட நிறுத்த மாட்டார். எனக்கு ஆட்டம் பிடிக்கும், அந்த இருபது நிமிஷம்தான் பிடிக்காது. பதினொன்றாம் வகுப்பில் விட்டுவிட்டேன்.

பி.டி. வாத்தியார்:

சார், நான் 19 வருஷமாக உடற்கல்வி ஆசிரியர். உங்கள் பையன் செய்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1973இல் அமெரிக்காவில் ஒரு நர்சரிப் பள்ளியில் சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். சிலரிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொல்லி, ரிப்பன் ஒட்டிய சான்றிதழும் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசு பேசி வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. கெடுத்தது பரிசு இல்லை, பேரம். உங்கள் பையனுக்கு ஷட்டில் 90 நாள் கூலி வேலை. கூலி கைக்கு வந்ததும் கிளம்பிவிட்டான்.

டெசி, ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை மூன்று தேவைகளாகச் சொல்கிறார்கள்: நானே எடுத்த முடிவு, என்னால் முடிகிறது என்ற தெம்பு, கூட ஆட நம்மவர்கள். விடியற்காலை கோச்சிங்கில் இவனுக்கு இதில் எது இருந்தது? நேரம் நீங்கள் குறித்தது. ஆட்டம் நீங்கள் தேர்ந்தெடுத்தது. தெரிந்த பையன் ஒருவனாவது அங்கே இருந்தானா?

உங்கள் கபடியில் மூன்றுமே இருந்தன. அதனால்தான் எழுப்ப ஆள் தேவைப்படவில்லை.

இன்னொன்று. முக்கொம்பு போய் வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இருக்கும். வெயிலில் அதை மிதிக்கிற பையனையா உடம்பை அசைக்காதவன் என்கிறீர்கள்? 5 முதல் 17 வயதுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிஷம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் சைக்கிளும் சேர்த்திதான். 2016 நிலவரப்படி 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலக அளவில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார். ஒருமுறைகூடத் திருப்பித் தந்ததில்லை.

இரண்டு பெண்களின் அம்மா:

வாத்தியார் சொன்ன 81 சதவீதக் கணக்கு, பெண் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 85 சதவீதம். என் மூத்தவள் ஏழாம் வகுப்பு வரை கோகோ ஆடினாள். வயதுக்கு வந்ததும் மாமியார், "இனிமே என்ன ஓட்டம்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அவளிடம் ஆர்வம் குறையவே இல்லை, வழியை அடைத்தது நாங்கள்தான். சின்னவளுக்கு அந்தத் தப்பைச் செய்யவில்லை. சாயங்காலம் நானே கூடப் போய் மைதானத்து மரத்தடியில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசுகிற அளவுக்கு எனக்கு அது தெரியாது, அதுவே நல்லதாகப் போயிற்று.

உறையூர் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. தம்பி, உங்கள் கேள்வி சுட்டது. நானும் வண்டியில் சர்வீஸ் எப்படிப் போட வேண்டும் என்றுதான் பேசிக்கொண்டு வருவேன், ஷட்டில் ஆடியதே இல்லை என்றாலும்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "ஞாயிற்றுக்கிழமை நானும் முக்கொம்பு வரட்டுமாடா?" என்று கேட்டேன். தோசையைப் பிய்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தான். "வேண்டாம்பா, பசங்க கூச்சப்படுவாங்க" என்றான். அப்புறம் கை கழுவிவிட்டு வந்து, "பஞ்சர் ஒட்டுற சாமான் மட்டும் வாங்கித் தர்றீங்களா? போன வாரம் கம்பரசம்பேட்டைக்கிட்ட தள்ளிக்கிட்டே வந்தோம்" என்றான். தள்ளிக்கொண்டு வந்த கதையே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இன்று வாங்கி வைத்துவிட்டேன். எத்தனை நாள் போக வேண்டும் என்று எதுவும் பேசவில்லை. பரணில் நல்ல மட்டை ஒன்று இருக்கிறது, 90 நாள்தான் ஆடியது. திருச்சியில் யாருக்காவது வேண்டுமா?