கடற்காற்றில் ரிசார்ட் கோல்ஃப்: மொரீசியஸில் ஆடியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கீழ்க்கரை ஸ்டார்ட்டர்

எல்லாருக்கும் வணக்கம். மொரீசியஸ் கிழக்குக் கரையில் ஒரு ரிசார்ட் கோல்ஃப் மைதானத்தில் ஸ்டார்ட்டராக இருக்கிறேன். முதல் டீயில் (ஒரு ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) நின்று குழு குழுவாக அனுப்பிவைப்பதுதான் வேலை. ஆள் குறைந்த நாளில் மைதானத்தைச் சுற்றி ஆட்டம் தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்க்கும் மார்ஷல் வேலையும் பார்ப்பேன். நம்ம ஊர் ஆட்கள் வந்தால் ஆசையாகக் கேட்பார்கள்: "அண்ணே, இந்த கோர்ஸை எப்படி ஆடணும்?" பின்னால் அடுத்த குழு காத்திருக்கும். ஒரு வரி சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். அந்தக் கேள்விக்கு ஆற அமர பதில் சொல்லத்தான் இந்த இழை. இங்கே ஆடியவர்கள், வேலை செய்பவர்கள், உங்களுக்கு நேர்ந்ததை, பார்த்ததை எழுதுங்கள்.

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஸ்கோர்கார்டைக் கெடுப்பது பெரும்பாலும் சுமாரான அடிதான், ஆனால் போகக் கூடாத பக்கம் போன சுமாரான அடி. கடலோர ஹோல் எதை எடுத்தாலும் ஒரு பக்கம் லகூன், அலையாத்திக் காடு, கரும்பாறை. மறுபக்கம் புல்மேடு, பங்கர் எனும் மணற்குழி, இல்லாவிட்டால் பக்கத்து ஃபேர்வே (புல் ஒழுங்காக வெட்டிய ஆட்டப் பாதை). முதல் பக்கம் போனால் பந்தும் போச்சு, அபராதமாக ஒரு ஸ்ட்ரோக்கும் (ஓர் அடியும்) போச்சு. மறுபக்கம் போனால் அடுத்த அடி உங்கள் கையில் இருக்கிறது. பையிலிருந்து கிளப்பை உருவுவதற்கு முன்னாலேயே "தவறினால் எந்தப் பக்கம் தவறலாம்" என்று முடிவு செய்துவிடுங்கள். கொடியைப் பார்ப்பது அதற்கு அப்புறம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். போன குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருவர் வந்திருந்தார். 8 ஹேண்டிகேப் (ஆட்டத் திறனுக்கான எண், குறையக் குறைய நல்ல ஆட்டக்காரர்), கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஒரு ஸ்விங். அன்றைக்கு நான் மார்ஷல். தண்ணீரைத் தாண்டி அடிக்கவேண்டிய ஒரு பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்கவேண்டிய ஹோல். தூரம் அளக்கும் லேசரில் 150 மீட்டர் காட்டியது. அவர் ஊரில் அது அவருக்கு 8-அயர்ன். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அங்கே காற்று அடர்த்தி குறைவு, பந்து கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுதலாகப் பறக்கும். இங்கே நிற்பது கடல்மட்டத்தில், அதுவும் முகத்தில் அறைகிற காற்றில். சுத்தமாகப் பட்ட பந்து கரைக்கு முன்னாலேயே தண்ணீரில் விழுந்தது. அதே கிளப்பை எடுத்து இன்னும் பலமாக அடித்தார். பந்து இன்னும் உயரமாக எழும்பி, காற்றில் நின்று, நேராகக் கீழே இறங்கியது. எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பின்சுழற்சி கூடும், பந்து முன்னே போகாமல் மேலேதான் ஏறும்.

கூட வந்த கேடி (பை தூக்கி யோசனை சொல்பவர்) வயதானவர், அதிகம் பேசமாட்டார். 6-அயர்னை எடுத்துக் கொடுத்தார், எண் குறைந்தால் தூரம் கூடும் கிளப். கைப்பிடியில் இரண்டு விரல் இறக்கிப் பிடிக்கச் சொல்லி, பாதி ஸ்விங் எவ்வளவு என்று தன் கையாலேயே காட்டினார். பந்து தாழப் பறந்து கிரீன் (குழி இருக்கும் மழித்த புல்தரை) நடுவில் உட்கார்ந்தது. மீதி ஹோல் எல்லாம் அந்த மனிதர் கேடியைக் கேட்காமல் கிளப்பைத் தொடவில்லை. மரியாதையான ஆள்.

வாக்வா அக்கா

வணக்கம் தம்பி. நல்ல இழை. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பள்ளியில் கற்றேன், பிறகு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்தேன். ஆடத் தொடங்கியது வாக்வாவில், பிரித்தானியர் காலத்து ஜிம்கானா மைதானத்தில். மேட்டு நிலம், மழை, மரங்கள். அங்கே காற்று மரங்களுக்கு மேலேயே போய்விடும். கடற்கரை மைதானத்துக்கு வந்தபோதுதான் காற்றையும் சேர்த்து ஆடவேண்டும் என்று தெரிந்தது.

நான் சொல்ல விரும்புவது டீயைப் பற்றி. எந்த நிறக் குறியிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதிலேயே பாதி உத்தி முடிந்துவிடுகிறது. பலருக்கு இது கௌரவப் பிரச்சினை ஆகிவிடுகிறது, அது எனக்கு வருத்தம்.

டர்பனிலிருந்து என் அத்தான் காவடிக்கு வந்திருந்தார். தைப்பூசம் முடிந்து இரண்டு நாள் கழித்து என்னையும் என் கணவரையும் ஆட அழைத்துப் போனார். ஜனவரி வெயில், காற்றில் ஈரம். அத்தான் பின் டீயிலிருந்துதான் ஆடுவேன் என்றார். நான் முன் டீ. ஒரு ஹோலில் அவருக்கு டீயிலிருந்து தண்ணீருக்கு மேலே குறுக்காக நீண்ட கேரி, அதாவது பந்து தரை தொடாமல் பறக்கவேண்டிய தூரம். என் டீயிலிருந்து பார்த்தால் தண்ணீர் இடது ஓரமாக ஒதுங்கிப் போகிறது, எதிரே ஃபேர்வே திறந்து கிடக்கிறது. ஒரே ஹோல், இரண்டு வேறு கேள்வித்தாள். முதல் ஒன்பது ஹோல் முடிவதற்குள் அவருடைய பந்துப் பை இளைத்துவிட்டது. "அத்தான், இங்கே வாருங்கள்" என்று என் டீக்குக் கூப்பிட்டேன். பின் ஒன்பதில் அவர்தான் எங்கள் எல்லாரையும் வென்றார்! அன்று மாலை முழுவதும் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு கணக்கு உண்டு. உங்கள் 5-அயர்ன் வழக்கமாகப் போகும் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள். 140 மீட்டர் என்றால் 5,040 மீட்டர். மைதானத்தின் மொத்த நீளம் அதற்கு அருகில் வரும் டீ உங்களுடையது.

ஸ்கோர்கார்டில் இருக்கும் ஸ்ட்ரோக் இண்டெக்ஸையும் பாருங்கள், ஹோல்களின் கடினவரிசை அது, 1 என்றால் மிகக் கடினம். எனக்கு 26 ஹேண்டிகேப். 18 ஹோலுக்கும் சலுகையாக ஒவ்வொரு ஸ்ட்ரோக், இண்டெக்ஸ் 1 முதல் 8 வரை இன்னொன்று கூடுதல். ஆக, மிகக் கடினமான பார் 4-இல் நான் 6 எடுத்தாலும் ஸ்டேபிள்ஃபோர்டு எனும் புள்ளி முறையில் 2 புள்ளி. பிறகு எதற்காக இரண்டாவது அடியிலேயே தண்ணீரைத் தாண்டவேண்டும்? மூன்றாவது அடியில் தாண்டிக்கொள்கிறேன்.

சவுக்குத்தோப்பு

அக்கா சொன்ன இண்டெக்ஸ் கணக்கு ரொம்பச் சரி. நான் தெற்குப் பக்கம் ஒரு மைதானத்தில் புல் பராமரிப்பு. காற்றைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இங்கே டீயைச் சுற்றி சவுக்கு மரம் அடர்த்தியாக இருக்கும். வருகிறவர்கள் டிவியில் பார்த்த மாதிரி நாலு புல்லைக் கிள்ளி மேலே விடுவார்கள். புல் அப்படியே காலடியில் விழும், "காத்தே இல்லை" என்று அடிப்பார்கள். பந்து மரத்துக்கு மேலே போனதும் காற்று தூக்கிக்கொண்டு போகும். சவுக்கு நுனி எந்தப் பக்கம் வளைகிறது, கிரீனில் கொடி எப்படி நிற்கிறது, இந்த இரண்டையும் பாருங்கள். லகூனில் கைட் சர்ஃபிங் செய்கிறவர்கள் தெரிந்தால் இன்னும் நல்லது, அந்தப் பட்டங்கள் பொய் சொல்லாது.

அப்புறம் புல். கடலோர மைதானங்களில் பாஸ்பலம் வகைப் புல் போடுவதுண்டு. உப்புத் தண்ணீரைத் தாங்கும், அதனால்தான். ஃபேர்வேயில் பந்து மேலே எடுப்பாக உட்காரும், அடிக்கச் சுகம். கிரீன் ஓரத்தில்தான் வினை. பந்தை உருட்டிவிடலாம் என்று தாழ சிப் செய்தால் (சின்னதாகத் தட்டினால்) முதல் துள்ளலிலேயே புல் பிடித்துக்கொள்ளும், பந்து பாதி வழியில் நிற்கும். இரண்டு வழி இருக்கிறது. பந்து கிரீனை ஒட்டி இருந்தால் பந்தை உருட்டும் பட்டர் கிளப்பை எடுத்து, வழக்கத்தைவிட ஒரு பங்கு கூட்டித் தள்ளுங்கள். தள்ளி இருந்தால் பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் கிளப்பால் தூக்கி, கிரீனுக்குள்ளேயே இறக்குங்கள். ஓரத்துப் புல்லில் முதல் துள்ளல் வேண்டவே வேண்டாம்.

கொடி எங்கே குத்தியிருக்கிறது என்று பார்த்து மயங்காதீர்கள். தண்ணீர் ஓரமாகக் குத்தினால் அந்த ஓரத்துக்கே அடிக்கவேண்டும் என்று ஒரு ஆசை வரும். ஹேண்டிகேப் இரண்டு இலக்கமாக இருக்கும் ஒருவருக்குக் கிரீனின் நடு எப்போதும் நல்ல இடம்.

அடையாறு ஆட்டக்காரன்

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. வரும் ஜூலையில் நானும் மனைவியும் வருகிறோம். பெல் மாரில் லெஜண்ட், பிறகு இல் ஓ செர், இரண்டும் ஆட ஆசை. நான் 18 ஹேண்டிகேப், டிரைவர் (மிக நீளமான கிளப்) எடுத்தால் ஸ்லைஸ், பந்து வலப்பக்கம் வளைந்து போகும். லெஜண்ட் 17-ஆம் ஹோலைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்ய?

கீழ்க்கரை ஸ்டார்ட்டர்

வாங்க தம்பி. இரண்டுமே நல்ல தேர்வு. லெஜண்ட் 1994-இல் திறந்தது, தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் ஹியூ பயோக்கி வடிவமைத்தது. பழைய மான் வேட்டைக் காடு, இப்போதும் காலையில் மான் ஃபேர்வேயைக் கடக்கும். மரங்களுக்கு நடுவே ஆடுவதால் அங்கே நேராக அடிப்பதுதான் முக்கியம். இல் ஓ செர் 2003, பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைப்பு. ஒரு தீவுக்குள்ளேயே மைதானம், எந்த ஹோலில் நின்றாலும் கடல் தெரியும். அங்கே கேரியும் காற்றும்தான் ஆட்டம்.

முதல் விஷயம், சென்னையில் நீங்கள் யார்டில் கணக்குப் போட்டுப் பழகியவர். இங்கே மீட்டர். 150 என்று பலகையில் இருந்தால் அது உங்கள் 164. ஏறக்குறைய ஒன்றரை கிளப் வித்தியாசம். லேசரை விமானம் ஏறும் முன்பே மீட்டருக்கு மாற்றி, ரேஞ்சில் பழகிக்கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, ஜூலை என்றால் தென்கிழக்குக் காற்று வலுவாக வீசும் காலம். கிழக்குக் கரை அதை நேரே வாங்கும். முடிந்த அளவு அதிகாலை டீ நேரம் கேளுங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

ஸ்லைஸைப் பற்றிக் கவலை வேண்டாம், விடுமுறைக்கு வந்த இடத்தில் அதைத் திருத்தப் பார்க்காதீர்கள். நீங்கள் வலது கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். காற்று வலமிருந்து இடமாக வந்தால் உங்கள் ஸ்லைஸை அதுவே பிடித்து நேராக்கும், அந்த ஹோலில் டிரைவரைத் தாராளமாக எடுங்கள். இடமிருந்து வலமாக வந்தால் ஸ்லைஸ் இரட்டிப்பாகும். அதுவும் வலப்பக்கம் தண்ணீர் என்றால் டிரைவரைவிடக் குறைவாகப் போகும் ஹைபிரிட் கிளப் போதும். டீயை வலது ஓரத்தில் குத்தி, ஃபேர்வேயின் இடது விளிம்பைப் பார்த்து அடியுங்கள்.

லெஜண்ட் 17 ஒரு பார் 3, லகூன் தண்ணீரைத் தாண்டி அடிக்கவேண்டும். பார்க்க அழகு, அந்த அழகுதான் ஆளைக் கெடுப்பது. முன் விளிம்புக்கு எத்தனை மீட்டர், பின் விளிம்புக்கு எத்தனை என்று மட்டும் கேளுங்கள், கொடி தூரத்தை மறந்துவிடுங்கள். பின் விளிம்பு வரை போகும் கிளப்பை எடுத்து நிதானமாக அடியுங்கள். சரியாகப் படாவிட்டாலும் கரையைத் தாண்டும்.

பெல் ஓம்ப்ர் கொடி

பார் 5 பற்றி யாரும் எழுதவில்லையே. மொரீசியஸ் ஓப்பன் போட்டி எங்கள் பக்கத்து ஹெரிடேஜ் மைதானத்தில் நடக்கும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். பீட்டர் மாட்கோவிச் வடிவமைத்த கோர்ஸ், 18-ஆம் ஹோல் பார் 5. 2017 டிசம்பரில் நம் அர்ஜுன் அட்வால் பிளே-ஆஃப் (சமநிலையில் முடிந்தால் வைக்கும் கூடுதல் ஹோல்) வரை வந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினோம். முதல் பிளே-ஆஃப் ஹோலிலேயே டிலன் ஃபிரிட்டெல்லி ஜெயித்துவிட்டார், மனசு ஆறவில்லை. 2019-இல் பதினெட்டு வயது ரஸ்முஸ் ஹோய்கார் மூன்றாவது பிளே-ஆஃப் ஹோலில் ஈகிள் (பாரைவிட இரண்டு அடி குறைவு) போட்டுக் கோப்பையை எடுத்தார். அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் அந்துவான் ரோஸ்னர். அதே ரோஸ்னர் 2022-இல் இதே போட்டியை மோன் ஷுவாசி மைதானத்தில் ஜெயித்தார், அதைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

அதைப் பார்த்துவிட்டு மறுநாள் நாமும் பார் 5-இல் இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்டப் பார்க்கிறோம். எங்கள் ஞாயிறு குழுவில் ஒரு ஐயா இருக்கிறார், ஓய்வு பெற்ற ஆசிரியர். அவர் பார் 5-ஐக் கிரீனிலிருந்து பின்னோக்கி ஆடுவார். தனக்கு நம்பிக்கையான வெட்ஜ் தூரம் 80 மீட்டர் என்பார். ஹோல் 460 என்றால் இரண்டு அடியில் 380 போனால் போதும், 200, 180. இரண்டுமே அவருக்குச் சாதாரண அடி. எங்களில் பலம் உள்ளவர்கள் 3-வுட்டை ஓங்கி அடித்து 40 மீட்டரில் ஒரு பங்கருக்குப் பக்கத்தில் நிற்போம். ஐயா முழு வெட்ஜ் அடித்து பட்டரால் இரண்டு அடியில் முடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு எங்களுக்காகக் காத்திருப்பார்.

அடையாறு ஆட்டக்காரன்

அருமை. கடைசியாக ஒன்று. பந்து அலையாத்திக்குள் போனால்?

கீழ்க்கரை ஸ்டார்ட்டர்

இறங்கித் தேடாதீர்கள் தம்பி. வேரும் சேறும் காலை வாரிவிடும், அந்தச் செடிகளுக்கும் கேடு. சிவப்புக் குச்சி என்றால் ஒரு ஸ்ட்ரோக் சேர்த்து, பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்குக் கிட்டே போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து போடுங்கள். மஞ்சள் குச்சி என்றால் அந்த இரண்டு கிளப் சலுகை கிடையாது. எல்லையைக் கடந்த இடமும் கொடியும் சேரும் கோட்டிலேயே பின்னால் போகவேண்டும், இல்லாவிட்டால் அடித்த இடத்துக்கே திரும்பவேண்டும். சில ஹோலில் தனியாக டிராப் இடம் குறித்திருப்பார்கள், ஸ்கோர்கார்டின் பின்பக்கம் பாருங்கள். கரும்புத் தோட்டத்துப் பக்கம் வெள்ளைக் குச்சி இருந்தால் அது எல்லைக்கு வெளியே. சந்தேகமாக இருந்தால் நகர்வதற்கு முன் புரொவிஷனல் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மாற்றுப் பந்து) அடித்துவிடுங்கள். தேடுவதற்கு மூன்று நிமிடம்தான்.

வாக்வா அக்கா

தம்பி, மனைவியும் ஆடுவார் என்றால் முன் டீயிலிருந்து இருவரும் சேர்ந்தே ஆடிப் பாருங்கள். கேடி வேண்டுமானால் பதிவு செய்யும்போதே கேளுங்கள், காலையில் வந்து கேட்டால் கிடைப்பது கஷ்டம். இல் ஓ செருக்குப் படகில்தான் போகவேண்டும், டீ நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே படகுத்துறையில் இருங்கள்.