மறுமொழி: நான்கு ஸ்பானியச் சொற்களுக்கும் ‘வலுவான’ போதுமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நீங்கள் தொகுக்கும் ஸ்பானிய-தமிழ்ச் சொற்பட்டியலில் கொந்துந்தெந்தே, தஹாந்தே, ரொத்துந்தோ, எனெர்ஹிகோ நான்குக்கும் ‘வலுவான’ என்றே போட்டிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ஸ்பானியம் பேசுபவர்கள் இவற்றை இஷ்டத்துக்கு மாற்றிப் போடுவதில்லை. கண்டனம் என்றால் எனெர்ஹிகோ வரும், சான்று என்றால் கொந்துந்தெந்தே.

தஹாந்தே, வெட்டுதலைக் குறிக்கும் ‘தஹார்’ என்ற வினையிலிருந்து வந்தது. மேற்கொண்டு பேச இடம் வைக்காத பதில். நம்மிடம் ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ இருக்கிறது, ஆனால் அது பெயரடையாக நிற்காது. ‘அறுதியான’ என்று வைக்கலாம், அறுத்தல் அதற்குள்ளேயே இருக்கிறது. ரொத்துந்தோவின் லத்தீன் மூலத்துக்கு ‘உருண்டையான’ என்று பொருள். ஸ்பானியத்தில் மறுப்போடு அது வரும் இடத்தில் நம் செய்தித்தாள்கள் ‘திட்டவட்டமான மறுப்பு’ என்று எழுதுகின்றன. வட்டமும் கூடவே வந்துவிடுகிறது! எனெர்ஹிகோவுக்கு ‘வன்மையான’, ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்றுதானே எழுதுகிறோம்.

கொந்துந்தெந்தேதான் சிக்கல். நையப் புடைப்பதைச் சொல்லும் லத்தீன் வினை அதன் வேர். ‘ஒப்ஹெத்தோ கொந்துந்தெந்தே’ என்று தடயவியலில் வந்தால் தடி, கல், சுத்தியல் போல மோதிக் காயப்படுத்தும் பொருள். அதே சொல் எதிராளியின் வாயை அடைக்கும் வாதத்துக்கும் வரும். ஒரே தமிழ்ச் சொல்லால் இரண்டையும் பிடிக்க வேண்டாம். முதலாவதற்குக் ‘கூரற்ற’, இரண்டாவதற்கு ‘நெற்றியடி’ என்பது என் முன்மொழிவு.

---

அன்புள்ள அம்மா,

சரி, பிரித்துவிடலாம். ஆனால் ‘எக்ஸிதோ ரொத்துந்தோ’ வந்தால் என்ன செய்வது? ‘திட்டவட்டமான வெற்றி’ என்று யாரும் சொல்வதில்லை, அங்கே ‘முழு வெற்றி’தான். நெற்றியடியும் தீர்ப்புரையில் ஒட்டாது. ‘மறுக்கவியலாத சான்று’ என்று முதலில் வைத்து, நெற்றியடியைப் பேச்சு வழக்கு என்று குறித்துப் பக்கத்தில் போடுவோம்.

நீங்கள் தொடாத ஒரு ஜோடி இருக்கிறது: ஃபொர்சோசோ, ஃபொர்சாதோ. இரண்டுக்கும் நான் ‘கட்டாய’ என்று எழுதியிருந்தேன், அது என் தவறு. ‘அத்தெரிசாஹெ ஃபொர்சோசோ’ என்றால் விமானம் வேறு வழியில்லாமல் தரையிறங்குவது. நிலைமை நெருக்குகிறது, அவ்வளவுதான். ஃபொர்சாதோவில் பெரும்பாலும் ஓர் ஆளின் கை இருக்கும். ஆட்களைப் பிடித்துச் சென்று தடயமில்லாமல் மறைத்துவிடுவதைச் சொல்லும் ‘தெசப்பரிசியோன் ஃபொர்சாதா’ என்ற தொடர் 1994இல் பிரேசிலின் பெலெம் நகரில் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் ஏற்ற உடன்படிக்கையின் தலைப்பிலேயே இருக்கிறது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் துயரம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

அதற்குத் தமிழ்ச் சொல்லை நாம் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழர் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். ‘காணாமல் போனோர்’ என்றால் தாமாகப் போனதுபோல் ஆகிவிடும். ‘ஆக்கப்பட்டோர்’ என்றதும் ஆக்கியவர் யார் என்ற கேள்வி எழுகிறது. தேடி அலையும் குடும்பங்கள் விடாமல் சொல்லும் சொல் அது, அதில் ஓர் எழுத்தையும் நாம் மாற்றக் கூடாது.

ஃபொர்சோசோவுக்குத் ‘தவிர்க்கவியலாத’, ஃபொர்சாதோவுக்கு ‘வலிந்த’ என்று நாளை பட்டியலைத் திருத்துகிறேன். ‘வலிந்த’ எல்லா இடத்திலும் உட்காருமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.