தண்ணிச் சக்கரம் இழுத்து ஓடினால்

குழு: உப்புவெளி வீட்டார்

சுதன் (இங்கிலாந்து): நாலு மாதம் நிண்ட, தண்ணியில ஓடுற மா மில்லை நேற்று ஓட விட்டனாங்கள். ஒரு சுத்துக்கு ஒருக்கா சக்கரம் இழுத்துப் பாயுது. அச்சு நேர்தான், பார்த்திட்டம். வீடியோ மேல போட்டிருக்கு.

சிவா மாமா: நாலு மாதமும் ஒரே நிலையிலயோ நிண்டது?

சுதன்: ஓம் மாமா.

சிவா மாமா: அதுதான் தம்பி. கீழ்ப்பாதி ஊறிப் பாரமாயிட்டுது, மேல்பாதி காஞ்சு லேசு. பாரமான பக்கம் இறங்கேக்க பாயும், ஏறேக்க திணறும். இண்டைக்குத் தானியம் போடாதேங்கோ. மா அரைக்கிற கல்லுக்குப் போற பல்லை விலத்திப்போட்டு, தண்ணிக் கதவை நாலு விரல் மட்டும் திறந்து வெறுஞ்சக்கரமா ரெண்டு நாள் மெள்ள ஓட விடுங்கோ. முழுக்க ஒரே மாதிரி நனைஞ்சாத்தான் சரிவரும். இனி நிப்பாட்டி வைக்கிற காலத்தில கிழமைக்கு ஒருக்கா கால் சுத்துத் திருப்பி ஆப்பு வையுங்கோ.

சுதன்: சக்கரத்தில தண்ணி விழுற ரெண்டு பெட்டி உக்கிப் போச்சு. என்ன மரம் போடலாம்? ஒருத்தர் எபொக்சிப் பசை ஊத்தி அடைக்கச் சொல்லுறார்.

சிவா மாமா: வேண்டாம் தம்பி! தண்ணியை உள்ளுக்கு பூட்டி வைச்சா உக்கிறது வெளியில தெரியாமலே போகும். முந்தி அங்க பெட்டிப் பலகைக்கு எல்ம் எண்ட மரம் போட்டவை, எந்நேரமும் நனைஞ்சிருந்தா அது கனகாலம் நிக்கும். 1970களில நோய் வந்து அந்த மரம் பெருவாரியா அழிஞ்சு போச்சு. ஓக் போடுங்கோ. ஆனா சாதா இரும்பு ஆணி அடிக்காதேங்கோ. ஓக்கில இருக்கிற புளிப்பு ஆணியைத் தின்னும், சுத்தி மரமும் கறுக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்தான். பழைய பலகையை எறியாம அளவெடுத்து, நம்பர் போட்டு வையுங்கோ. புதுசில ஆண்டைச் செதுக்கி விடுங்கோ, பிறகு வாறவைக்கு எது பழசு எது புதுசு எண்டு தெரியோணும்.

வசந்தி மாமி: சுதன், வீடியோவை மூண்டு தரம் கேட்டன். இழுக்கிறது தவிர வேற ஒரு சத்தமும் இருக்கு. ஒரு சுத்துக்கு மூண்டு தரம் டக், டக், டக். அது ஈரத்தால வாறது இல்லை. சக்கர அச்சில இருக்கிற பெரிய பல்லுச் சக்கரத்தில எத்தனை பல்? அதோட கடிக்கிற சின்னதில எத்தனை?

சுதன்: பெரிசு மரப்பல் 72. சின்னது இரும்பு 24.

வசந்தி மாமி: 24 மூண்டு தரம் 72. அப்ப சின்னதில ஒரு பல் பெரிசில எப்பவும் அதே மூண்டு பல்லைத்தான் சந்திக்கும். பழுதான பல் அந்த மூண்டையும் தின்னும். 61க்கு 20 எண்டு வைச்சிருந்தா எல்லாப் பல்லும் எல்லாத்தையும் தொட்டு, தேய்மானம் ஒரே சீராப் பரவியிருக்கும்.

தர்ஷினி: மாமி, ஏன் மரப்பல்? எல்லாம் இரும்பில செய்யலாமே?

வசந்தி மாமி: இரும்போட இரும்பு கடிச்சா சத்தம், பொறியும் பறக்கலாம். மா தூசி பிடிச்சுக் கொள்ளுற சாமான். மரமெண்டா எங்கயாவது சிக்கினாலும் பல் ஒண்டு ரெண்டு உடையும், சக்கரம் தப்பும். சுதன், தண்ணியை முழுசா அடைச்சு ஆப்பும் வைச்சிட்டுப் போய், தேஞ்ச பல் எதெது எண்டு எண்ணிப் பாரும்.

சிவா மாமா: இதுக்கிடையில கல்லையும் ஒருக்கா பாருங்கோ. வெறுங்கல்லு ஓடினா பொறி பறக்கும், பொழிஞ்ச கொத்தும் மழுங்கும். தானியம் குறையேக்க அடிக்கிற மணி வேலை செய்யுதோ? கல்லு பொழியிறது நம்ம அம்மி பொழியிற மாதிரித்தான், ஆனா மட்டப்பலகையில செங்காவி பூசிக் கல்லில இழுக்கோணும். சிவப்பு ஒட்டுற இடம் மேடு, அதை மட்டும் கொத்துங்கோ. ரெண்டு கல்லுக்கும் நடுவில இடைவெளி கண்ணுப்பக்கம், அதுதான் நடு ஓட்டைப் பக்கம், கூட, விளிம்பில கடதாசி அளவுக்கு.

சுதன்: மணி அடிக்குது மாமா.

சுதன்: மாமி, பார்த்தன். பெரிசில 7, 31, 55ம் பல். மூண்டும் ஒரே பக்கமாத் தேஞ்சிருக்கு.

வசந்தி மாமி: அதுகளோட கடிக்கிற இரும்புப் பல்லை விரலால தடவிப் பாரும். மெள்ள, வெட்டும்.

சுதன்: விளிம்பில பிசிர் இருக்கு. நகத்தில பிடிபடுது.

வசந்தி மாமி: முதல் அதை அரத்தால அராவும். பிறகுதான் மரப்பல் மூண்டையும் மாத்துறது. அதுக்கு முன்னம் புதுப்பல் போட்டா அடுத்த வருஷமும் அதே மூண்டுதான்.