பெரியமாமாவின் காலும் கனடாப் போத்தலும்

கனடா மாமா: அண்ணை, சிவப்பு வைனில் ரெஸ்வெரட்ரோல் என்று ஒரு சத்து இருக்காம். உங்கட காலில் இருக்கிற இரத்தக்குழாய் அடைப்புக்கு நல்லதாம். அடுத்த மாதம் ஊருக்கு ஒரு ஆள் வருகிறார். இரண்டு போத்தல் கொடுத்துவிடட்டுமா?

பெரியமாமா: மூன்றாகக் கொடுத்துவிடு.

மாமி: கிளினிக் துண்டு எங்கே என்று காலையில் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. இதற்கு மட்டும் உடனே பதில்!

நான்: சத்து இருப்பது உண்மைதான் மாமா. பூஞ்சணம் தாக்கினால் முந்திரிகை (திராட்சை) கொடி தன்னைக் காக்க உண்டாக்குவது அது. பழத்தோலில் இருக்கும். சிவப்பு வைன் தோலோடு ஊறுவதால் அதில் இறங்குகிறது. ஆனால் லீற்றருக்குச் சில மில்லிகிராம்தான்.

கனடா மாமா: அப்ப பிரெஞ்சுக்காரர்? வெண்ணெயும் சீஸுமாகத் தின்கிறார்கள், மாரடைப்பு குறைவு. 1992இல் லான்செட் மருத்துவ இதழிலேயே வந்தது பிள்ளை.

நான்: வந்தது, பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ எழுதியது. வைன் காரணமாக இருக்கலாம் என்றார். பிறகு இத்தாலியில் கியாந்திப் பக்கம், அது வைனுக்கே பேர்போன இடம், 65 வயது தாண்டிய 783 பேரின் சிறுநீரில் இந்தச் சத்தை அளந்து 9 வருடம் கவனித்தார்கள். 2014இல் முடிவு வந்தது. சத்து கூடுதலாக இருந்தவர்களுக்கு இதய நோயும் குறையவில்லை, சாவும் குறையவில்லை.

மச்சான்: இதயத்துக்கு நல்லது என்று கட்டுரை கட்டுரையாக எழுதிய கனெக்டிகட் பல்கலைக்கழகத்துத் தீபக் தாஸ் தரவுகளைப் புனைந்தார் என்று 2012இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்ததே. 145 இடங்களில்!

பெரியமாமா: ஊர்க்கதை கிடக்கட்டும். என்ர கால்? சந்திக்குப் போகமுதலே கெண்டைக்கால் இறுகுது. நின்றால் விடுகிறது.

நான்: இதே வருத்தக்காரருக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் மாமா. அமெரிக்காவில் 66 பேர், 6 மாதம். சிலருக்குத் தினமும் 125 மில்லிகிராம், சிலருக்கு 500, மற்றவர்களுக்கு வெறும் குளிசை. 6 நிமிடத்தில் நடக்கும் தூரம் சொல்லும்படி கூடவில்லை. 2017இல் வெளியிட்டார்கள். அந்த 500ஐ வைனில் எடுக்கவென்றால், லீற்றருக்கு 5 என்று தாராளமாக வைத்தாலும் 100 லீற்றர் வேண்டும்.

பெரியமாமா: தினமுமா?

மாமி: ஆசையைப் பாருங்கோ.

கனடா மாமா: குளிசையாக அனுப்பினால்? இங்கே கடையில் கிடைக்கும்.

நான்: வேண்டாம் மாமா. பெரியமாமா இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறார். இதுவும் சேர்ந்தால் இரத்தக்கசிவு வரலாம். டொக்டரைக் கேட்காமல் ஒன்றும் அனுப்பாதீங்கோ.

மச்சான்: முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடிக் கச்சானிலும் அந்தச் சத்து இருக்காமே?

நான்: இருக்கு. அவித்ததில் கொஞ்சம், வறுத்ததில் அதைவிடக் குறைவு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ருசிக்குத் தின்னுங்கோ. காலுக்கு மருந்து நடைதான். வலி வரும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் திரும்ப நடக்க வேணும். கிழமைக்கு மூன்று நாளாவது. மாதக்கணக்கில் செய்தால் தூரம் கூடும். சுருட்டும் நிற்க வேணும்.

பெரியமாமா: சுருட்டு என்று ஆர் சொன்னது?

மாமி: வேலிக்குப் பின்னால் புகை எழும்புவது ஊருக்கே தெரியுது.

மச்சான்: 😂 அப்பா, மாட்டுப்பட்டாச்சு.

கனடா மாமா: சரி, போத்தல் இல்லை. நடக்கிற சப்பாத்து கொடுத்துவிடுகிறேன். என்ன அளவு அண்ணி?

மாமி: 8. அகலமானதாகப் பாருங்கோ, இவருக்குப் பெருவிரல் முட்டும்.