பெப்சி கேனிலிருந்து கடவுளை எடுத்துட்டாங்களா?

நியூஜெர்சிவாசி:
இங்கே வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு சுத்துது. பெப்சி புதுசா தேசபக்தி கேன் விடுதாம். எம்பயர் ஸ்டேட் கட்டடம் படம், கூடவே அமெரிக்கர்கள் கொடிக்கு முன்னாடி சொல்ற உறுதிமொழி, ஆனா அதில் ‘அண்டர் காட்’ (கடவுளின் கீழ்) மட்டும் இல்லையாம். “வாங்காதீர்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்”னு முடியுது. நிஜமா? எப்படிச் சரிபார்க்கிறது?

லேபிள்காரர்:
பொய். இருபது வருஷத்துக்கும் மேலா மின்னஞ்சலில் சுத்தின சரக்கு. அப்படி ஒரு கேன் கிடையாதுன்னு பெப்சி அப்பவே மறுத்துடுச்சு.

வேர் வேற கம்பெனியில் இருக்கு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு டாக்டர் பெப்பர்ங்கிற குளிர்பானக் கம்பெனி ஒரு கேன் விட்டது. சுதந்திர தேவி சிலை படம், ‘ஒன் நேஷன்... இன்டிவிசிபிள்’னு (ஒரே தேசம்... பிரிக்க முடியாதது) வாசகம். உறுதிமொழியின் 31 சொல்லில் 3 மட்டும். சில மாசத்தில் அந்தக் கேன் கடையை விட்டே போயிடுச்சு, வதந்திதான் பெப்சி பேரில் தங்கிடுச்சு. பல ஊர்களில் டாக்டர் பெப்பரை நிரப்பி விற்கிறது பெப்சி, கோக் பாட்டிலிங் ஆலைகள்தான். பேர் மாறினதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

சரிபார்க்க: ஃபார்வர்டில் தேதி இருக்கா, கேனோட போட்டோ இருக்கா பாருங்க. ‘புது கேன்’னு மட்டும் இருந்து ரெண்டும் இல்லேன்னா அனுப்பாதீங்க. போட்டோ வந்தா, கேனின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கிற கம்பெனி பேரைப் பெரிசாக்கிப் படிங்க. முன்பக்க லோகோவை யார் வேணா ஒட்டலாம்.

மதுரைத்தமிழ்:
வதந்தி பொய்தான், ஆனா கோபப்பட்டவங்களை முட்டாள்னு தள்ளிட முடியாது. ‘நேஷன்’ங்கிற சொல்லுக்கும் ‘இன்டிவிசிபிள்’ங்கிற சொல்லுக்கும் நடுவில் இருக்கிறதே ‘அண்டர் காட்’ங்கிற அந்த ரெண்டு சொல்தான். மூணு புள்ளி வெச்சது சரியா அந்த இடத்தில். கேனில் இடம் பத்தலைன்னு கம்பெனி சொன்னா யார் நம்புவாங்க? 1892இல் எழுதின உறுதிமொழியில் அந்தச் சொற்கள் இல்லை. 1954இல் அதிபர் ஐசனாவர் கையெழுத்துப் போட்ட சட்டத்தால் சேர்ந்தது. அதனாலேயே அதைத் தொட்டா ரெண்டு பக்கமும் கொதிக்கும். பேக்கேஜிங் ஆட்களுக்கு வழி இருந்துச்சு: சிலைக்குக் கீழே ‘எல்லோருக்கும் சுதந்திரமும் நீதியும்’ங்கிற கடைசித் தொடரை வெட்டாமல் முழுசாப் போட்டிருக்கலாம். படத்துக்கும் பொருந்தும், நடுவில் புள்ளியும் வராது.

நாணயப்பிரியன்:
இதே கதை 2007இல் ஒரு டாலர் நாணயத்திலும் நடந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் நாணயத்தில் ‘இன் காட் வி டிரஸ்ட்’ (கடவுளை நம்புகிறோம்) முகப்பில் இல்லை, விளிம்பில்தான் இருந்தது. “கடவுளை நீக்கிட்டாங்க”ன்னு மின்னஞ்சல் பறந்தது. இதில் சிக்கல் என்னன்னா, விளிம்பில் எழுத்தே இல்லாத நாணயமும் நிஜமாவே வெளியே வந்துச்சு. ரெண்டு முகத்தையும் அச்சடிச்ச பிறகு, தனி இயந்திரத்தில்தான் விளிம்பில் எழுத்து பொறிப்பாங்க. அதில் போகாமலே ஒரு தொகுதி நழுவிடுச்சு. தயாரிப்புப் பிழை, திட்டமிட்ட வேலை இல்லை.

விளிம்பில் எழுத்து இல்லாத இந்த நாணயத்தைச் சேகரிப்புக்கு வாங்க நினைச்சா முதலில் அளந்து பாருங்க. எடை 8.1 கிராம், விட்டம் 26.5 மில்லிமீட்டர். விளிம்பை ராவி எழுத்தை அழிச்ச போலியில் ரெண்டும் குறையும். எதிர்ப்பு வலுத்து சட்டம் வந்து, 2009 முதல் வாசகம் முகப்புக்கே வந்துடுச்சு.

நியூஜெர்சிவாசி:
நன்றி. டாக்டர் பெப்பர் விவரத்தைக் குழுவிலேயே போடுறேன். அந்தக் கேன் படம் யார்கிட்டயாவது இருந்தா இங்கே இணைங்க.