"வலிக்காது" என்று சொல்லிவிட்டேன், இப்போது நம்ப மறுக்கிறாள்

கீழத்தெரு அம்மா:
மகளுக்கு ஐந்து வயது. டெங்குவோ என்று பயந்து ஜூலையில் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். "எறும்பு கடிப்பது போலத்தான், வலிக்கவே வலிக்காது" என்றேன். நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினார்கள். கையை அமுக்கிப் பிடித்தது நான்தான். அன்றிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறாள். வருகிற புதன்கிழமை டிபிடி பூஸ்டர் ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான தடுப்பூசி). சொல்லி அழைத்துப் போவதா, கடைக்கு என்று கிளப்பிவிடுவதா? மாமியார் இரண்டாவதைத்தான் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற கிராம செவிலியர்:
கடைக்கு என்று கிளப்பாதீர்கள் அம்மா. பிறகு கடைக்கும் வரமாட்டாள்.

நான் பயிற்சி பெற்ற காலத்தில், பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவர்களே பலர் நம்பினார்கள். போதிய மயக்க மருந்தில்லாமல் அறுவைச் சிகிச்சைகூட நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆனந்த் என்ற மருத்துவர் செய்த ஆராய்ச்சி 1987இல் வெளியான பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்பவரை நம்பாதீர்கள், மாமியாராகவே இருந்தாலும்.

அன்று காலையில் சொன்னால் போதும். "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அழலாம்." படுக்கவைக்க விடாதீர்கள், மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். சோப்பு நுரைக் குமிழி ஊதக் கொடுங்கள், கவனம் அதில் போகும். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். ஓரிரு நாள் கை வலிக்கும், காய்ச்சலும் வரலாம். பாராசிட்டமால் எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அளவை அங்கேயே கேட்டுவிடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

தினம் நான்கு ஊசி:
என் மகனுக்கு ஏழு வயது, முதல் வகைச் சர்க்கரை நோய். நாங்களும் "வலிக்காது" என்றவர்கள்தான். முதல் வாரத்தோடு அந்தப் பேச்சு செல்லாமல் போய்விட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு இன்சுலின் போட்டால் அதிகம் எரிகிறது என்று எங்களுக்குச் சொன்னதே அவன்தான். போடலாமா என்று கேட்பதில்லை. வயிறா தொடையா என்று மட்டும் கேட்போம். அந்த முடிவு அவனுடையது.

கீழத்தெரு அம்மா:
இன்று போட்டாயிற்று. ஜூலையில் பொய் சொன்னேன் என்று காலையில் ஒப்புக்கொண்டேன். ஒன்றும் பேசாமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அழுதாள், ஆனால் இடது கையை அவளே நீட்டினாள். ஆறு எண்ணும்போதே முடிந்துவிட்டது. மீதி நான்கையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் மடியிலிருந்து இறங்கினாள்.