புதுப்பிப்பு: பெங்களூரு அல்சூர் வீட்டு மீன்தொட்டியில் பாசி அடங்கியது

தொட்டிச் செடிகளில் பச்சைப் பாசி படர்கிறது, ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ச்செடி அழுகுகிறது என்று இரண்டு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். பகல் வெளிச்சம் போன்ற வெண்ணிற (6500 கெல்வின்) எல்இடி விளக்கை நாளுக்கு 11 மணி நேரம் எரியவிட்டதே பாசிக்குக் காரணம் போலும். டைமர் பொருத்தி அதை 6 மணி நேரமாகக் குறைத்து, வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றத் தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து கண்ணாடியில் பாசி படிவது வெகுவாகக் குறைந்தது.

ஃபெர்ன் அழுகியது முழுக்க என் தவறு. நீருக்குள் திறந்திருக்க வேண்டிய அதன் தடித்த கிடைத்தண்டைச் சரளைக்குள் புதைத்திருந்தேன். அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கறுப்பு நூலால் ஒரு கருங்கல்லில் கட்டினேன். இப்போது முற்றிய இலையொன்றின் விளிம்பில் வேர்விட்ட குட்டிச்செடிகள் இரண்டு தொங்குகின்றன.

எங்கள் குழாயில் காவிரி நீருடன் ஆழ்துளைக் கிணற்று நீரும் கலந்தே வருகிறது. அதில் கரைந்த உப்புகளால் வரும் கடினத்தன்மையைப் பொருட்படுத்தாத, நாடா போன்ற இலைகளுள்ள வாலிஸ்னேரியா செடி மட்டும், கேட்காமலே, தொட்டியின் பின்புறம் முழுவதும் பரவிவிட்டது.